ஏழாம் நம்பர் அட்டை

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாயிருப்பாய் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நானும் மூன்று தாளில் அப்படித் தொடங்கிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். இங்கே யாரும் சுகமில்லை. உன் அம்மா என்னோடு பேசி இன்றைக்கு மூன்று நாள். சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்லேபொலவில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நீ நடுவில் "பரவாயில்லப்பா" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

உன் லீவு இருபத்தொரு நாள். அத்தனை நாளில் ஒரு முட்டை குஞ்சாகிவிடும். அந்த இருபத்தொரு நாளில் உன் பிள்ளையை நீ ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் நின்று முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாய். சுகந்தி பாப்பாவோடு வந்து நிற்பாள். "இரு, கழுவிட்டு வாறேன்" என்பாய். கழுவிவிட்டு வந்து, கையைப் பார்த்துவிட்டு, மறுபடி பீலிக்குப் போவாய். அதற்குள் பாப்பா தூங்கியிருக்கும். உன் விரல் மூட்டெல்லாம் வெடித்துக் கிடந்ததை நான் பார்த்தேன். சுகந்தி என்ன நினைத்தாள் தெரியுமா? உன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்: "பொம்பளப் புள்ளைன்னுதான் மாமி அவரு தூக்க மாட்டேங்கிறாரு." நீ போகிற அன்றைக்கு, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள் பிள்ளையை உன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ கையைத் தூக்கினாய். பிறகு இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். வேன் போய்விட்டது. அவள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டுதான் நானும் நின்றேன்.

காரணத்தை நீயே என்னிடம் சொல்லியிருந்தாய், போவதற்கு இரண்டு நாள் முன்னால், யட்டவத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது. நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் பயமா இருக்குப்பா. என் கை பட்டா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்னு தோணுது. நாலாயிரம் கோழிய நான்தானே கொன்னேன். அன்னைக்கு மழை. நாலாம் ஷெட்டுல இருந்து ஓடி வந்தேன். ஷெட்டு வாசல் மருந்துத் தொட்டியில கால வச்சேனா இல்லையானு நாலு வருஷமா யோசிக்கிறேன்பா. ஞாபகமே வர மாட்டேங்குது." நான் என்ன சொன்னேன்? "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். பஸ் வந்தது, ஏறினோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ உன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தம்பி, அந்த நோய் உன் காலால் வரவில்லை. உன் ஷெட்டிலேயே அது இருக்கவில்லை. அதை உன் ஷெட்டின் பேரில் எழுதியவன் நான்.

உனக்குத் தெரியாத தொழில் இல்லை. ஆனாலும் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், என்றைக்காவது சுகந்தி இதைப் படித்தால் அவளுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக. பலாபத்வலவில் நான் வேலை செய்த, குஞ்சு பொரிக்கிற ஹெச்சரிக்கு, தாய்க் கோழிப் பண்ணையிலிருந்து முட்டை வரும். எந்த ஷெட்டு முட்டை என்று, தட்டு அடுக்கிய ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஓர் அட்டை தொங்கும். பதினெட்டு நாள் ஓர் அறையில் சூடு. பிறகு முட்டைகளைக் கூடைக்கு மாற்றி, பொரிக்கிற அறைக்குக் கொண்டுபோவோம். முட்டை மாறும்போது அட்டையும் கூடவே மாற வேண்டும். மூன்றாம் நாள் குஞ்சு வெளியே வரும். எண்ணி, நொண்டி, குருடு எல்லாம் கழித்து, பெட்டிக்கு நூற்றிரண்டு போடுவோம். வழியில் சாகிற இரண்டையும் சேர்த்து. எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரித்தது, என்ன நிறை, எந்த ஊருக்குப் போனது, எல்லாம் அந்த அட்டை நம்பரில்தான் எழுதப்படும். அட்டை இல்லாவிட்டால் குஞ்சுக்குத் தாயும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளே ஈரம் என்பதால் பேனை ஊறும், பென்சிலால் எழுதுவோம். அந்தப் பென்சில் இருபத்திரண்டு வருஷம் என் காதில் இருந்தது.

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஹெச்சரியில் ஒரு பேர். அட்டையைப் பார்க்காமலே எந்த வண்டி எந்த ஷெட், என்றைக்கு வைத்தது என்று சொல்வேன். பெரிய துரைமார் வந்தால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவரு ஒரு நடமாடும் கணக்குக் கொப்பி" என்று காட்டுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நம்பர்களை ஒப்பிப்பேன். மதம் பிடித்துவிட்டது எனக்கு. வீட்டிலும் அப்படித்தான். நீ சின்னவனாக இருந்தபோது கழித்துப் போட்ட குஞ்சு எட்டைக் கொண்டுவந்து தந்தேன். பல்பு கட்டி வளர்த்தாய். "கை கழுவாமத் தொட்டா செத்துரும்" என்று சொல்லிவைத்தேன். ஒன்று செத்தது. அது பிறப்பிலேயே வயிறு மூடாத குஞ்சு. சாகத்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விளையாட்டுக்கு, "கழுவினியாடா நீ?" என்று கேட்டேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் அம்மா என்னை ஏசினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறையத் தோன்றுகிறது.

பிறகு நீ படித்து, பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, ஏழாம் ஷெட்டுக்குப் பொறுப்பாக வந்தாய். தோட்டத்தில் நம் சனத்தில் யாருக்கும் கிடைக்காத வேலை. ஹெச்சரிச் சுவரில் ஷெட்டுக்கு ஒரு நிறத்தில் வாராவாரம் நான் கோடு இழுப்பேன், நூறு முட்டைக்கு எத்தனை பொரித்தது என்று. உன்னுடையது பச்சை. முதல் கிழமை எழுபத்திரண்டு. பிறகு எழுபத்தாறு, எண்பது, எண்பத்து நாலு. ஏறிக்கொண்டே போனது. எண்ணி முடித்த கையோடு உனக்குப் போன் போடுவேன். "எவ்வளவுப்பா?" என்பாய். நான் வேண்டுமென்றே இருமிக்கொண்டு நிற்பேன். "சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவாய். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாலு கிழமைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடமெல்லாம் ஏழாம் ஷெட்டைப் பற்றிச் சொன்னேன்.

அது கரண்டை நேரம் போட்டு வெட்டிய காலம். டீசலுக்கு வரிசை. உன் முட்டையும் நாலாம் ஷெட்டு முட்டையும் ஒரே நாளில் பதினெட்டு நாள் முடித்திருந்தன. மாற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லாத நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இழுக்கவில்லை. காற்று ஓடாத அறைக்குள் விட்டால் முட்டை தன் சூட்டிலேயே வெந்துவிடும் என்று வண்டிகளை நடைபாதைக்குத் தள்ளினோம். ஜன்னல் இல்லாத நடைபாதை, கையில் ஒரு டோர்ச். வண்டியோடு வண்டி இடித்ததில் இரண்டு அட்டை ஈரத் தரையில் விழுந்தன. நாலும் ஏழும். நான் குனிந்து எடுத்தேன். எந்த அட்டை எந்த வண்டியில் இருந்தது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதே, துரைக்கு. இரண்டையும் மாட்டினேன்.

என்னோடு வேலை செய்த மல்லிகா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, இந்த வண்டியில முட்டை பெருசு பெருசா இருக்கே. ஏழாம் ஷெட்டு இளங்கோழிதானே? மாறிருச்சோ?" என்றாள். நாலாம் ஷெட்டு கிழட்டுக் கோழி. முட்டை பெரிதாகத்தான் இருக்கும். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கே படிச்சுக் குடுக்குறியா? டோர்ச்ச நேரா புடி" என்றேன். அவள் நேராகப் பிடித்தாள். பெரிய முட்டைமேல் ஏழாம் நம்பர் அட்டையோடு வண்டி உள்ளே போனது.

இதோடு நின்றிருந்தால் கவனப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. மூன்றாம் நாள் பொரித்து, நான்தான் நிறை பார்த்தேன். உன் கோழிகளின் குஞ்சு அந்த வயதில் முப்பத்தாறு கிராம். அது நம் இருவருக்கும் மனப்பாடம். தராசில் ஏழாம் நம்பர்க் குஞ்சு நாற்பத்தேழு காட்டியது. நாலாம் நம்பர்க் குஞ்சு முப்பத்தாறு. மறுபடி நிறுத்தேன். அதே நாற்பத்தேழு. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, தம்பி. மல்லிகா அந்தப் பக்கம் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது போய் அட்டையை மாற்றினால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? இதுதான் எனக்குத் தோன்றிய ஒரே யோசனை. குஞ்சு குஞ்சுதானே, எந்த நம்பரில் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டு, பெரிய புத்தகத்தில் ஏழுக்கு முப்பத்தாறு என்றும் நாலுக்கு நாற்பத்தேழு என்றும் திருப்பி எழுதினேன். வேலை பார்த்த காலத்தில் முதல் தடவையாகப் பொய் நிறை எழுதினேன். தராசடியில் நிறை குறித்த சீட்டை மட்டும் கிழிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஏழாம் நம்பரில் போன குஞ்சுகள் போன இடத்தில் சாகத் தொடங்கின. குஞ்சுக்கு வருகிற வெள்ளைப் பேதி. தாயிலிருந்து முட்டைக்குள் இறங்குகிற நோய். ஐந்தாறு பண்ணைக்காரர் செத்த குஞ்சைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் கொட்டினார்கள். மிருக வைத்தியர் வந்து என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். கண்ணியமான மனுஷன், உட்காரச் சொன்னார். சிங்களத்தில்தான் கேட்டார்: "பொரிக்கப் போடும்போது அட்டை மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறதா?" எந்த நம்பர்க் குஞ்சு செத்தது என்று அதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மேனேஜர் பக்கத்தில் நின்று, "இவரு கையிலயா டொக்டர்?" என்று சிரித்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கையில ஒரு நாளும் ஒரு அட்டை மாறினதில்ல சேர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். "அப்படியென்றால் சந்தேகமில்லை. ஏழாம் ஷெட்" என்றார்.

வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். இப்போது சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஏழு அவன் மகனுடைய ஷெட், நம்பரைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறான், மகனைக் காப்பாற்றப் பார்க்கிறான். அப்படித்தானே நினைப்பார்கள்? இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது உண்மை. இரண்டு நிமிஷம் கழித்துச் சொன்னால் அது அப்பன் சொல்லும் பொய். நான் எழுந்து, கும்பிட்டுவிட்டு, வெளியே வந்தேன். கூடை கழுவுகிற இடத்தில் மல்லிகா வந்து பக்கத்தில் நின்றாள். "அண்ணே, சொல்லிருங்கண்ணே. நம்ம தம்பியாச்சே" என்றாள். "இப்ப சொன்னா யாரு நம்புவா?" என்றேன். "நம்பாட்டிப் போகட்டும். சொல்லிருங்க." நான் கூடையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நீயாகச் சொல்லேன் என்று அவளிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவளும் என் பேச்சை மீறிச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள், என்னைத் தவிர.

மீதியை நீதான் பட்டாய். உன் கோழிகளின் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வருவதற்குள் ஷெட்டுக்குப் பின்னால் மெஷின் கொண்டுவந்து குழி தோண்டியாயிற்று. மற்ற ஷெட்டுக்குப் பரவிவிடும் என்ற பயம். அந்த இரத்தத்தில் என்ன இருந்தது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. என்ன இருந்திருக்கும், ஒன்றும் இருந்திருக்காது. நாலாயிரம் கோழியை, ஒரு நாள் குஞ்சிலிருந்து நீ வளர்த்ததை, உன் கையாலேயே பிடித்துக் கொடுக்க வைத்தார்கள். அடுத்த மாதமே, நாலாம் ஷெட்டிலிருந்து சரியான அட்டையோடு போன குஞ்சும் சாக ஆரம்பித்தது. அப்போதாவது யாராவது யோசிக்க வேண்டாமா? யோசித்தார்கள். ஏழுக்கும் நாலுக்கும் நடுவில் நோயைக் கொண்டுபோனது யார் என்று யோசித்தார்கள். ஊசி போடுகிற நாளில் நீ நாலாம் ஷெட்டுக்கு உதவிக்குப் போய் வருவாயே, அதைக் கண்டுபிடித்தார்கள். தொட்டியில் கால் வைத்தாயா என்று கேட்டார்கள். நீ உண்மைக்காரன். "ஞாபகம் இல்ல சேர்" என்றாய். அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

எத்தனை தடவை நினைத்திருப்பேன் தெரியுமா? நீ உன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டாய். அதற்கு உன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். நான் என் ஞாபகத்தைச் சந்தேகப்படவே இல்லை. அதற்கு எனக்கு நீண்ட சேவை என்று ஒரு மணிக்கூடு கொடுத்தார்கள். அது சுவரில் தொங்குகிறது. நீ லீவில் வந்தபோது, "நல்ல மணிக்கூடுப்பா" என்று சொன்னாய்.

வேலையை விட்டு நீ வெளிநாடு போகிறேன் என்றபோது தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. நீ கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. உயிருள்ளது எதுவும் இல்லாத இடமாகத் தேடி, குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனாய். பண்ணை வேலை அங்கே கிடைத்தும் வேண்டாம் என்றாயாம். கலியாணம் பேசியபோது "என்ன நம்பி ஒரு புள்ளைய குடுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நீ வேன் ஏறிப் போன மறுநாள் ஹெச்சரிக்குப் போனேன். இப்போது அட்டையும் இல்லை, பென்சிலும் இல்லை. கூடையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போனைக் காட்டினால் ஷெட்டு நம்பரை அதுவே சொல்லிவிடும். சுவரில் இருந்த கோட்டுத் தாளையெல்லாம் உரித்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். புது மேனேஜர் நல்ல பிள்ளை, நம் தமிழ்ப் பிள்ளைதான். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைக் காட்டினேன். எழுத்தில் தரச் சொன்னால் தருகிறேன், என் மகன் பேரில் இருக்கிறதை மட்டும் அழித்துத் தாருங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, அது மூடின ஃபைல். அப்ப இருந்த டொக்டரும் இல்ல, மேனேஜரும் இல்ல. ஏழாம் ஷெட்டையே உடைச்சிட்டாங்க. நான் யாருக்கு எழுதுறது? என்னான்னு எழுதுறது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மகனுக்காகச் சொல்றீங்க, எனக்கு விளங்குது" என்றார். நான் பயந்த அதே வார்த்தை. நாலு வருஷம் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. அன்றைக்கே வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ஓய்வுக்கு எப்படியும் இரண்டு மாதம்தான் இருந்தது, பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரைக்கும் துருவினாள். முடிந்த பிறகு, "நாலு வருஷமா என் கையால சோறு வாங்கித் தின்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். இப்போது சட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நானே போட்டுச் சாப்பிடுகிறேன். சுகந்தியிடம் சொல்லச் சொல்லி அம்மாவைத்தான் கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பல்லேபொலவுக்கு நானே போய் வாசலில் நின்று சொன்னேன். சுகந்தி உள்ளே கூப்பிடவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இத நீங்க அவருக்கில்ல மாமா சொல்லணும்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

புத்திமதி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்று பேர் இருக்கிறதே, ஒன்று சொல்கிறேன். பிழை செய்தால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே, முன்னால் நிற்கிறவன் யாராக இருந்தாலும் சொல்லிவிடு. ஒரு நாள் போனால் அது வேறு பேச்சாகிவிடும். பெண்டாட்டியிடம் ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதலில் அதைச் சொல். கை கழுவுவது எதற்காக என்று நீ சுகந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேறு மாதிரி அழுதிருப்பாள். சொல்லாமல் இருக்கிற குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. வேறு எதையும் நான் உனக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

இதைப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கோழி திரும்பி வராது. உன் நாலு வருஷம் வராது. அந்த ஃபைலில் உன் பேர் அப்படியேதான் கிடக்கும். நீ என்னை இனி அப்பா என்று கூப்பிடாமல் போகலாம். கூப்பிடு என்று கேட்க மாட்டேன். அதைவிடப் பயம் ஒன்று இருக்கிறது. நீயும் அந்த மேனேஜர் பிள்ளை மாதிரி நினைப்பாய். கிழவன் என்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறான், பழியைத் தன் தலையில் எடுத்துப் போடுகிறான் என்று. அதனால்தான் அந்தச் சீட்டை இதோடு வைக்கிறேன். நாலு வருஷம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களுக்கு நடுவில் இருந்தது. மேனேஜருக்கு அது வெறும் பென்சில் கீறல். உனக்கு அப்படியில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும். 7 என்று போட்டு நேரே 47 என்று இருக்கிறது பார். அந்த முட்டையை இடும்போது உன் கோழிக்கு இருபத்தேழு கிழமை வயது. அந்த வயதுக் கோழியின் குஞ்சு நாற்பத்தேழு கிராம் வருமா? நீயே சொல். உலகத்தில் இந்தச் சீட்டைப் பார்த்து உண்மையைப் படிக்கத் தெரிந்த ஆள் இப்போது நீ ஒருவன்தான்.

உன் காலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பண்ணையிலிருந்து நீ வீட்டுக்கு வந்த நாள் ஒன்றிலாவது கால் கழுவாமல் படியேறியதை நான் பார்த்ததில்லை. பீலியில் தண்ணீர் வராத அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த குடத்தைக் கவிழ்த்துக் கழுவி, அம்மாவிடம் ஏச்சு வாங்கினாய். மழையானாலும் நீ தொட்டியில் கால் வைத்துத்தான் போயிருப்பாய். தினமும் செய்கிற வேலை யாருக்கும் தனியாக ஞாபகம் இருக்காது, தம்பி. அதனால்தான் உனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான் என்றாய். அதற்குள் பாப்பா நடந்துவிடுவாள். மடியில் வைத்துக் கொஞ்சுகிற வயது போய்விடும். அதை என்னால் திருப்பித் தர முடியாது. நீ வேனை விட்டு இறங்கும்போது அவளுக்கு உன்னை யாரென்று தெரியாது. பயந்து அழுவாள், தாய்க்குப் பின்னால் ஒளிவாள். அழட்டும். நீ பீலிப் பக்கம் போகாதே. அப்படியே, வந்த கையோடு தூக்கு.

அப்பா